நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் மேலே

பதினொன்று இருபதுக்கு இது ஆரம்பித்தது. மேடைக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் மாட்டியிருப்பதால் நிமிடம் பிசகாமல் சொல்ல முடிகிறது. நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் மேலே, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து ஒரு இறுக்கம். வலி என்று சொன்னால் பொய். ஈர வேட்டியைப் பிழிய எடுத்து முதல் முறுக்கோடு கையை நிறுத்திக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. மங்கை மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, தொண்டையைச் செருமாமல், "அவைக்கு வணக்கம்" என்றாள். அப்போது வந்து உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்து போகவில்லை. வியர்க்கிறதா என்று பிடரியைத் தடவிப் பார்க்கிறேன். இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதால் தெரியாமலும் இருக்கலாம். இடது கையை மடக்கி விரிக்கிறேன். கனக்கவில்லை. தாடையில் ஒன்றுமில்லை. முதுகில் ஒன்றுமில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறது, துணிக்கு மேலாகத் தொட்டால் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. நெஞ்சில் எது வந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றாலும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவள் மேடையில் நிற்கிறாள். அரக்கு பார்டர் போட்ட மாம்பழக் கலர் பட்டுச்சேலை, கழுத்தில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மாட்டிவிட்ட அட்டை, வலது கையில் திரையைக் காட்டுகிற சின்ன விளக்கு. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற தமிழ்த்துறைக் கருத்தரங்க அறை. இன்றைக்கு என் மனைவி மங்கையர்க்கரசிக்கு முனைவர் பட்டத்துக்கான வைவா. ஏழு வருஷமாக அவள் எழுதியதை எல்லார் முன்னாலும் வைப்பாள். வெளியூரிலிருந்து வந்திருக்கிற பேராசிரியர் கேள்வி கேட்பார். அவருக்குத் திருப்தி என்றால் பட்டம், இல்லையென்றால் திருத்திக்கொண்டு வா என்பார். போன மாதம் ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சாப்பிடும்போது அதைச் சொன்னாள், சொல்லிவிட்டு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது இப்படி இல்லை. அது ஐந்து நிமிடம் என்ன, ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாகத் திருச்சி–புதுக்கோட்டை பஸ் ஓட்டினவன் நான். கீரனூர் தாண்டி, காலை எட்டேகால், உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். ஏப்பம் வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. காலையில் தின்ற பொங்கல் என்று நினைத்தேன். அப்புறம் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில்தான் இருந்தது, ஆனால் வேறு யாருடைய கையையோ கொண்டுவந்து அங்கே வைத்தது போல. பயம் அப்போது இல்லை. இண்டிகேட்டர் போட்டேன், இடது ஓரம் ஒதுக்கினேன், ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். எல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது, என்னைக் கேட்கவில்லை. கண்டக்டர் பாக்கியநாதன், "என்னண்ணே, இங்க ஸ்டாப் இல்லையே" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தான். வண்டி நின்ற பிறகுதான் பயம் வந்தது. அதுவும் நெஞ்சில் வரவில்லை, முழங்காலுக்குக் கீழே வந்தது. இரண்டு காலும் தண்ணீராகிப் போய், இறங்கி நடக்க முடியாமல் நாலு பேர் தூக்கினார்கள். எழுபத்து மூன்று பேர் அந்த பஸ்ஸில், ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, இனி ஸ்டியரிங் கூடாது என்றுவிட்டார்கள். இப்போது டெப்போவில் நாற்காலியில் உட்கார்ந்து, யார் எந்த வண்டியை எடுப்பது என்று சீட்டு எழுதுகிறேன். மங்கை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முந்தின நாளே இருந்துச்சா?" இருந்தது. இரண்டு நாளாக இருந்தது, சொல்லவில்லை. அவள் திட்டவில்லை. ஊசி குத்தியிருந்த என் கையை மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இனிமே உடம்புல எது வந்தாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது. சொல்லுங்க." சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துச் சொன்னேன். இப்போது பதினொன்று இருபத்தாறு. ஆறு நிமிடம் ஆகிவிட்டது.

எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், நாலு பேருடைய முழங்காலைத் தாண்டி வெளியே போக வேண்டும். அவள் பார்ப்பாள். பார்த்தால் பேச்சு அறுந்துவிடும். மைக்கை வைத்துவிட்டு அப்படியே இறங்கி வருவாள், அதில் சந்தேகமில்லை, அவள் அப்படிப்பட்டவள்தான். ஏழு வருஷம் ஓரமாக நின்றுவிடும், என்னால், இரண்டாவது தடவை. இரண்டாவது தடவை என்று நினைத்த உடனே காது சுடுகிறது. இரண்டு காதும், மடல் மட்டும், அடுப்புப் பக்கத்தில் நின்ற மாதிரி. வெட்கம் எனக்கு எப்போதும் காதில்தான் வரும். பக்கத்தில் என் அண்ணன் கலியமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார், திருவாரூரிலிருந்து காலை பஸ்ஸுக்கு வந்தவர், மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை. முதல் தடவையை அவர் மறந்திருப்பார். நடந்தது அவர் வீட்டில்தான், அவர் மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது. யாரோ, "தம்பி, உன் வீட்டம்மா ஏதோ பெரிய படிப்பு படிக்குதாமே" என்றார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலையைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிக்குப் பதிந்து இரண்டு வருஷம். நான் சொன்னேன்: "ஆமாமா. வீட்டுக்குப் போனா சோறு இருக்காது, ஆராய்ச்சி இருக்கும்." கூடம் சிரித்தது. அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். மங்கை, அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்தது, ரவிக்கை விளிம்பிலிருந்து மேலே மேலே ஏறி, கொண்டை வரைக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு நல்ல ருசியாக இருந்தது, அதை மறுக்க முடியாது. வாயெல்லாம் இனித்தது.

அன்றைக்கு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். காலையில் எழுந்து, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அடைத்துக்கொண்டிருந்த புத்தகங்களையும் அட்டைகளையும் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு மாதம் தினமும் இரண்டு குழம்பு, பொரியல், அப்பளம். ருசியில் குறை கிடையாது. ஆனால் எனக்கு இறங்காது. உருண்டை தொண்டையில் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும், தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. நடந்தது வேறு. ஒரு நாள் மத்தியான ட்ரிப்பில் என் சீட்டுக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மகனுக்கு வேலை போய்விட்டதைச் சொன்ன ஒரு அம்மா, "சேதி கேட்டதும் ஈரக்கொல கழண்டு கால்ல விழுந்த மாதிரி ஆயிருச்சு" என்றது. எனக்கு ஸ்டியரிங்கில் கை கொஞ்சம் இறுகியது. மங்கையின் ஆராய்ச்சியே அதுதான். கோபமும் பயமும் துக்கமும் உடம்பில் எங்கே வருகிறது, அதை நம் ஜனங்கள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுவது. சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னேன், "இன்னைக்கு மாத்தூர்ல ஏறுன ஒரு அம்மா, ஈரக்கொல கழண்டு கால்ல விழுந்துச்சுன்னு சொல்லுச்சு." அவள் கீரையைப் பார்த்தபடியே இருந்தாள். நான் உள்ளே போய் முகம் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "கால்லயா, காலடியிலயா? சரியா சொல்லுங்க." துண்டோடு வெளியே வந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அரிசி டிரம்மை நகர்த்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் முதுகுத்தண்டில் மேலிருந்து கீழே ஒன்று ஓடியது, குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றினது போல. அதற்குப் பிறகு நாலு வருஷம் நான் ஓட்டின வண்டியில் எந்த அம்மா வயிற்றைப் பற்றியோ நெஞ்சைப் பற்றியோ வாயைத் திறந்தாலும் என் காது பின்னால்தான் இருக்கும். ரோட்டில் கண், பின்னால் காது. வீட்டுக்கு வந்து ஒப்பிப்பேன், அவள் எழுதுவாள்.

பதினொன்று நாற்பது. இப்போது மேடையில் கைடு ரெஜினா மேடம் பேசுகிறார், மங்கை எப்படிப்பட்ட மாணவி, எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறாள் என்று. நல்ல மனுஷி, ஆனால் ஒரே மாதிரிக் குரல், கேட்கக் கேட்கக் கண் சொருகுகிறது. நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறேன். இல்லை. இறுக்கம் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை, கவனிக்கவே இல்லை. மூச்சை ஆழமாக இழுக்கிறேன், தடையில்லாமல் அடி வரைக்கும் போகிறது. நல்லது, வாயுதான், காலையில் அவசரமாகத் தின்ற பூரி. மேடம் உட்கார்கிறார். மங்கை மறுபடி மைக்குக்கு வருகிறாள். "துக்கம் தொண்டையை அடைக்கிறது, பொறாமை வயிற்றை எரிக்கிறது, பயம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இவற்றை அலங்காரப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. இருநூற்றுப் பதினாறு பேரிடம் பேசிய பிறகு நான் சொல்வது, இது அவர்கள் தங்கள் உடம்பிலிருந்து எடுத்துச் சொன்ன செய்தி." அவள் சொல்லி முடிக்கவில்லை, வந்துவிட்டது. அதே இடம், இரண்டு விரல் மேலே, அதே முதல் முறுக்கு. எனக்குத் திடுக்கென்றிருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறாள். தளர்கிறது. பேசுகிறாள், இறுகுகிறது. துறைத்தலைவர் குறுக்கிட்டு நேரத்தைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்கிறார். தளர்கிறது. இப்படி எந்த நோயாவது உண்டா. பஸ்ஸில் வந்தபோது யார் பேசினாலும் பேசாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது, அதற்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது. இதற்கு அவளைத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நம்பிவிடக் கூடாது, அன்றைக்கும் பொங்கல் என்றுதானே நம்பினேன். சட்டைப்பையில் இருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறேன்.

திரையில் பக்கம் மாறுகிறது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, நாலே வரி. 'கை ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. ஆனா என் கை மாதிரி இல்ல. வண்டிய நிறுத்தினதுக்கு அப்புறம்தான் பயம் வந்துச்சு. அது கால்ல வந்துச்சு.' அதற்குக் கீழே சின்னதாக: தகவலாளர் எண் 58, ஆண், ஐம்பத்தைந்து வயது, ஓட்டுநர். ஒரு கணம் யாரோ என்று நினைக்கிறேன். நம்மை மாதிரியே ஒருத்தன் என்றுகூட நினைக்கிறேன். அப்புறம் பிடரியில் சுரீர் என்கிறது, எறும்பு கடித்த மாதிரி, அங்கிருந்து இரண்டு தோளுக்கும் பரவுகிறது. கோபம். நான் வயர்களோடு படுத்துக் கிடந்து உளறியதை இவள் எழுதி வைத்திருக்கிறாளா, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் எழுதினாளா, அறுபது பேர் பார்க்க என் பயத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளே. பல்லைக் கடிக்கிறேன். கடித்தபோதே ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "இத ஒரு தடவை படிச்சுப் பாருங்க. புடிக்கலன்னா வேணாம், எடுத்துடுறேன்." நான் கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் மேல் வைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "நிஜமாவே படிச்சீங்களா?" என்று கேட்டாள். "படிச்சேன்" என்றேன். அண்ணன் குனிந்து என் காதில், "டேய், இது நீதானடா?" என்கிறார். "ஆமாண்ணே." "உம் பேச்சையெல்லாமா எழுதி வச்சிருக்கு?" "ஆமாண்ணே." அவர் திரையை மறுபடி படிக்கிறார், உதடு அசைகிறது. நானும் படிக்கிறேன். எழுத்தாகப் பார்த்தால் அது பயந்தவன் சொன்ன சொல்லாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி பார்த்து வைத்திருந்தவன் சொன்ன சொல்லாகத் தெரிகிறது. பிடரியில் சூடு இறங்கிவிட்டது, எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருக்கிற பேராசிரியர் அறவாழி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். ஒல்லியான ஆள், இதுவரைக்கும் ஒன்றும் கேட்காமல் குறித்துக்கொண்டே இருந்தவர். "அம்மா, இந்த ஐம்பத்தெட்டாம் எண். இவருக்கு அந்த நேரம் மாரடைப்பு. சரிதானே?" "ஆமாம் ஐயா." "அப்படின்னா கை அந்நியமாத் தோணுனது ரத்தம் போகாததால. கால் துவண்டது ரத்த அழுத்தம் இறங்கினதால. அது நோய். நீங்க ஆராய்றது உணர்ச்சி. நோயைக் கொண்டுவந்து உணர்ச்சிக் கணக்குல எப்படிச் சேர்த்தீங்க? இது ஒண்ணு தப்புன்னா, 'நெஞ்சு வலிச்சுச்சு', 'வயிறு பிசைஞ்சுச்சு'ன்னு மத்தவங்க சொன்னதுல எத்தனை நோய், எத்தனை உணர்ச்சின்னு நான் எப்படி நம்புறது?" ரெஜினா மேடம் பேனாவைக் கீழே வைக்கிறார். மங்கை டம்ளரை எடுக்கிறாள், குடிக்கிறாள், வைக்கிறாள். என் அடிவயிறு ஒரு கிணறு மாதிரி ஆழமாகிக்கொண்டே போகிறது, கல் போட்டால் சத்தம் கேட்காது. என்னால்தான். என் வார்த்தையால்தான். அந்த நாலு வரி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேனே, படித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா. மறுபடியும் நான்தான் குறுக்கே நிற்கிறேன். உள்ளங்கை வியர்க்கிறது, மாத்திரை ஒட்டிக்கொள்கிறது. குதிகால்கள் தரையை அமுக்குகின்றன, பிரேக்கைத் தேடுகிற மாதிரி. அவள் பின்கழுத்து இங்கிருந்து தெரியாது, முகம்தான் தெரிகிறது, முகம் சிவக்கவில்லை. அவள் கண் ஒரு தடவை மூன்றாவது வரிசைக்கு வருகிறது. நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

"ஐயா கேக்குற கேள்விய நானே மாசக்கணக்கா எங்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்" என்கிறாள். மேடைத் தமிழை விட்டுவிட்டாள், சாப்பாட்டு மேசையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். "அந்த நேரத்துல அவருக்கு இருந்தது நோயா, பயமான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதினா அது பொய். டாக்டர்கிட்ட கேட்டேன், ரெண்டும் சேர்ந்தே வரும், பிரிக்க முடியாதுன்னாரு. அதனால அதை அட்டவணையில சேர்க்கல ஐயா. இருநூத்திப் பதினாறு பேர்ல இந்த மாதிரி பதினோரு பேர். பதினோரு பேரையும் எண்ணிக்கைக்கு வெளியில எடுத்து, மூணாவது பின்னிணைப்புல தனியா வச்சிருக்கேன். பக்கம் இருநூத்தி நாப்பத்தொண்ணு. முடிவுகள் எதுவும் இவங்களை நம்பி நிக்கல." காகிதம் புரளும் சத்தம். அறவாழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டுகிறார், நிறுத்துகிறார், விரலை வைத்துப் படிக்கிறார். "வெளியே எடுத்தவங்களை அப்புறம் ஏன் இங்க திரையில போட்டீங்க?" "எனக்குத் தெரியாத இடம் எதுன்னு சபையில காட்டணும்னு போட்டேன் ஐயா. அதோட, நோயா பயமான்னு தனக்கே தெரியாத நிலைமையிலயும் ஒரு மனுஷன் தன் உடம்பு என்ன செஞ்சுதுன்னு இவ்வளவு சரியாப் பாத்து, இவ்வளவு சுருக்கமாச் சொல்லியிருக்கார். ஏழு வருஷத்துல எனக்குக் கிடைச்சதுல இத விடத் துல்லியமான தொடர் இல்ல." அறவாழி அந்த நாலு வரியைத் தானே ஒரு தடவை சத்தமாகப் படிக்கிறார். கால்ல வந்துச்சு என்பதை நான் சொன்ன மாதிரியே இழுத்துச் சொல்கிறார், பேராசிரியர் வாயிலிருந்து என் பேச்சு வருகிறது. "ம்" என்கிறார். "நல்ல தொடர்தான்."

இப்போது இறுகுவது நெஞ்சு மட்டும் இல்லை. இரண்டு விரல் மேலே ஆரம்பித்தது கழுத்துக்கு ஏறுகிறது, தொண்டையில் ஒரு உருண்டை, ஆனால் அந்த நாலு மாதம் சோற்றோடு நின்ற உருண்டை மாதிரி இல்லை, இது சூடாக, கரைகிற பதத்தில் இருக்கிறது. முன்கை ரோமம் நிமிர்ந்து நிற்கிறது, அண்ணன் பார்த்துவிடப் போகிறார் என்று சட்டைக் கையை இழுத்துவிடுகிறேன். முதுகு தானாக நாற்காலியை விட்டு விலகி நேராகிறது. யாரும் சொல்லாமல் நேராகிறது, டெப்போவில் புது வண்டி வந்து, தியாகேசன் எடுக்கட்டும் என்று என் பேரைச் சொன்ன நாளில் நேரானது போல. அன்றைக்கு வந்தது என்னைப் பற்றியது, அதற்கு மார்பு விரிந்தது. இது விரியவில்லை, இறுகுகிறது, ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அடுத்தவர் பேரில் வருகிற பெருமைக்கு நம் நெஞ்சில் இடம் போதாதோ என்னவோ. அவள் தெரியாது என்று சொன்னாளே, அதுதான் என்னை அடித்துவிட்டது. அறுபது பேர் முன்னால், பட்டம் கையில் வருகிற நேரத்தில், தெரியாததைத் தெரியாது என்று நேராக நின்று சொன்னாள். நான் இரண்டு நாள் நெஞ்சு வலியை அவளிடமே சொல்லாதவன். ஒரு மன்னிப்பை ஐந்து வருஷமாக அண்ணத்தில் ஒட்டி வைத்திருக்கிறவன். கண்ணில் நிறைந்துவிட்டது. துடைத்தால் தெரியும் என்று துடைக்காமல் விடுகிறேன், அது பாட்டுக்கு வழிந்து மீசையில் இறங்குகிறது, உப்புக் கரிக்கிறது. வழிய வழிய நெஞ்சு முறுக்கு விட்டுக்கொடுக்கிறது. உள்ளங்கையைத் திறந்து, மாத்திரையைத் துடைத்துப் பையில் போடுகிறேன். அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு எங்க வீட்டுல நாம சிரிச்சோமேடா" என்கிறார். அவர் மறக்கவில்லை. "ஆமாண்ணே" என்கிறேன். அவர் கையை எடுத்து என் முதுகில் வைக்கிறார், எங்கள் அப்பா செத்த அன்றைக்கு வைத்த பிறகு இப்போதுதான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அறவாழி எழுந்து நின்று, ஆய்வாளர் மங்கையர்க்கரசிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று சொன்னார். கைதட்டினார்கள். என் கைகள் ஒன்றையொன்று சரியாகப் பார்த்து அடிக்கவில்லை, பாதி தட்டு காற்றில் போனது. அவளைச் சுற்றிக் கூட்டம், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பொன்னாடை, செல்போன்கள். நான் ஓரமாக நின்றேன். அவள் அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நெஞ்சு வலிக்குதா?" "வலி இல்ல" என்றேன். "பின்ன?" தலையில் வைத்துச் சத்தியம் செய்த கை. சொன்னேன். "பதினொண்ணு இருபதுலேர்ந்து இங்க இறுக்குச்சு. நீ பேசினா இறுக்கும், நிறுத்தினா விட்டுரும். அப்புறம் நீ தெரியலன்னு சொன்னப்ப ரொம்ப இறுக்கி, அழுதேன், சரியாப் போச்சு." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ ஸ்வீட் பெட்டியை நீட்டினார்கள், வாங்கவில்லை. "மங்க, அன்னைக்கு அண்ணன் வீட்டுல நான் சொன்னது" என்று ஆரம்பித்தேன். நாக்கு ஒட்டவில்லை. "தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன், ரொம்பத் தப்பு." அவள் கழுத்து சிவந்தது. இந்தத் தடவை முன்பக்கம், எனக்குத் தெரிகிற மாதிரி. "சரி" என்றாள். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்." "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றனே." "ஒண்ணுமில்லன்னு அவங்க சொல்லட்டும். வாங்க." பொன்னாடையை அண்ணன் தோளில் போட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து வராண்டா வழியாக இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்து நடந்தது அதுதான் முதல்.

நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டது. சின்னப் பெண், தூங்காத கண். "கூட வந்தவங்க பேரு?" நான் மங்கையை முந்திக்கொண்டேன். "டாக்டர் மங்கையர்க்கரசி." அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றது. "சாரி மேடம், தெரியல. எந்த டிபார்ட்மென்ட் மேடம்?" மங்கை என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "தமிழ்மா, நீ உக்காரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, ஜில்லென்று பசையைத் தடவி வயர்களை ஒட்டின பிறகும் சிரிப்பு அடங்கவில்லை, விலாவுக்குள் நீர் மாதிரி ததும்பிக்கொண்டே இருந்தது. மெஷினிலிருந்து வந்த ஈ.சி.ஜி. காகிதத்தில், நான் சிரித்துக் குலுங்கியதில், கோடு மேலும் கீழும் பல்லைக் காட்டியது. டாக்டர் வந்து அதையும் பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆட்டம் இருந்தாலும் தெரியுது. புதுசா ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்க. நல்லதா ஒண்ணு எடுத்து ஃபைல்ல வச்சிருங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். "அசையாம படுங்கய்யா" என்றது அந்தப் பெண். மங்கை, "நான் புடிச்சுக்கறேன், நீ எடும்மா" என்று கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். உடம்பு அமைதியாகிவிட்டது, சிரிப்பு போய்விட்டது, எங்கும் ஒன்றும் ஆடவில்லை. அவளுடைய உள்ளங்கைகள் மட்டும் சில்லென்று இருந்தன, ஈரமாக இருந்தன. மெஷின் ஓடியது. அந்தப் பெண் காகிதத்தைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "மேடம், கொஞ்சம் கைய எடுங்க. இப்ப அவரு ஆடல, நீங்கதான் ஆடுறீங்க." மங்கை தன் கைகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போல இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள், எடுக்கவில்லை.